துயிலிடங்கள்: தொல்கிறித்தவரின் அடக்க முறையும் கல்லறை மரபும்

இறந்தோர் உடலை என் செய்வது என்னும் வினாவிற்கு விடை வகுத்துக்கொள்ளாத சமுதாயம் உலகில் இல்லை. ஒரே நகரத்தின் புறத்தே சுடுவோரும், குழிதோண்டிப் புதைப்போரும், தாழியிட்டுக் கவிப்போரும் அருகருகே வாழ்ந்தமையை மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை காட்டுவதைத் தமிழாசிரியர் நன்கறிவர். பேரரசின் தலைநகராக விளங்கிய உரோமையும் அத்தகைய நகரமே. அங்குக் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் சிறுபான்மையினராய் வாழ்ந்த கிறித்தவர்கள், தம் இறந்தோரை எங்கே கிடத்தினர், எவ்வாறு கிடத்தினர், ஏன் அவ்வாறு செய்தனர் என்பதை ஆராயப் புகுந்தால், அவர்தம் நம்பிக்கையின் உள்ளீட்டையே காணலாம்.

முதலில் ஒரு சொல்லைக் கருதுவோம். கிறித்தவர் தம் இடுகாட்டிற்கு வழங்கிய பெயர் ‘கொய்மெத்தேரியோன்’ என்னும் கிரேக்கச் சொல். துயிலும் இடம் என்பதே அதன் பொருள். பிற்கால ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இடுகாட்டைக் குறிக்கும் சொற்கள் இதிலிருந்து பிறந்தவையே. இறப்பைத் துயில் எனக் கூறும் வழக்கு நமக்குப் புதியதன்று. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று புறநானூற்று மன்னர்கள் தாம் மாய்ந்த இடத்தாற் குறிக்கப்பெறுகின்றனர். சோழ மன்னரை அடக்கம் செய்த இடத்தின்மேல் எழுப்பிய கோயிலைப் பள்ளிப்படை என்றனர். பள்ளி என்பதும் துயிலிடமே. ஆயினும், நம் வழக்கு பெரும்பாலும் இறப்பை வெளிப்படையாகக் கூறக் கூசும் மங்கல வழக்கு. கிறித்தவர் வழக்கோ ஒரு கோட்பாட்டின் வெளிப்பாடு. துயின்றவன் விழித்தெழுவான், ஆதலின் கல்லறை, விழிக்கும் நாள்வரை தங்கும் இடம் மட்டுமே. ஏறத்தாழ கி.பி. 50ஆம் ஆண்டிலேயே, தெசலோனிக்கருக்கு எழுதிய மடலில் தூய பவுல் இறந்தோரைத் துயின்றோர் என்றே குறிப்பிட்டுள்ளார்.

இம்மரபின் வேர் யூதர்தம் அடக்க முறையில் உள்ளது. இயேசுபிரான் வாழ்ந்த காலத்து எருசலேமில் வசதியுடைய குடும்பத்தார் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து கல்லறை அமைத்தனர். உடலைக் கழுவி, நறுமணப் பொருள் இட்டு, துணியாற் சுற்றி, பாறையில் வெட்டிய திண்ணையின்மேற் கிடத்துவர். வாயிலைக் கல்லால் அடைப்பர். ஏறத்தாழ ஓராண்டு சென்று, தசை அழிந்தபின், எலும்புகளைத் திரட்டிச் சிறு கற்பேழையில் இடுவர். இத்தகைய பேழைகள் எருசலேமைச் சூழ்ந்த பகுதிகளில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. 1968இல் கிடைத்த ஒரு பேழையில், சிலுவையில் அறையப்பட்ட ஒருவனின் குதிகாலெலும்பு, ஆணி பாய்ந்த நிலையிலேயே காணப்பட்டது. சிலுவைச் சாவு எய்தியவனுக்கும் முறையான அடக்கம் கிட்டியதுண்டு என்பதற்கு இது கண்கூடான சான்று. அரிமத்தியா ஊர் யோசேப்பு தமக்கென வெட்டுவித்த புதுக்கல்லறையை இயேசுவுக்கு அளித்தார் என்னும் நற்செய்தி நூல்களின் கூற்றை இப்பின்னணியில் வைத்தே படிக்கவேண்டும். தமிழ்க் கிறித்தவர் மண்ணில் தோண்டிய குழியையும் கல்லறை என்றே வழங்குகின்றனர். பாறையைக் குடைந்த அம்முதற் கல்லறையின் நிழல் அச்சொல்லில் படிந்துள்ளது எனலாம்.

அக்கல்லறை எனக் கருதப்பட்ட இடத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர் எழுப்பிய ஆலயம் கி.பி. 335இல் திருநிலைப்படுத்தப்பட்டது. 1009இல் அது இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில், செப்பனிடும் பணிக்காக அங்குள்ள பளிங்குப் பலகையை அகற்றியபொழுது, அதனடியில் உடைந்த பழைய பலகை ஒன்றும், அதன்கீழ்ச் சுண்ணாம்புப் பாறைப் படுக்கையும் வெளிப்பட்டன. அங்கு எடுத்த சாந்தினை ஆய்ந்தோர் அது நான்காம் நூற்றாண்டினது என முடிவு செய்தனர்.

இனி உரோமைக்குச் செல்வோம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டம், நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைத்தலும் எரித்தலும் கூடாதென விலக்கியது. எனவே நகரை விட்டுச் செல்லும் பெருவழிகளின் இருமருங்கும் கல்லறைகள் அணிவகுத்தன. முதலாம் நூற்றாண்டு உரோமையரிற் பெரும்பாலோர் எரிக்கும் வழக்கினர். சாம்பற் கலங்களை வைப்பதற்குப் புறாக்கூடு போன்ற மாடங்கள் நிறைந்த கட்டடங்களை எழுப்பினர். இரண்டாம் நூற்றாண்டில் புதைக்கும் வழக்கம் உரோமையரிடையேயும் பரவலாயிற்று. அதற்குக் கிறித்தவமே காரணம் எனச் சிலர் எழுதுவர், அது பொருந்தாது. அந்நாளில் கிறித்தவர் அத்துணைச் செல்வாக்கு உடையவரல்லர். காலத்தின் போக்கும் அவர்தம் கொள்கையும் ஒரே திசையில் சென்றன என்பதே சரி.

புதைப்பதற்கு நிலம் வேண்டும். நகர்ப்புறத்து நிலமோ விலை மிக்கது. இவ்விடர்ப்பாட்டிற்கு உரோமை மண்ணே வழிகாட்டிற்று. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்பாறை அங்கு நிலத்தடியில் பரவிக் கிடக்கிறது. வெட்டுவதற்கு எளிது, காற்றுப் பட்டபின் உறுதிப்படும். ஆகவே மேலே சிறிதளவு நிலம் இருப்பினும் கீழே சுரங்கம் வெட்டிக்கொண்டே செல்லலாம். ஒரு தளம் நிரம்பியபின் அதனடியில் மற்றொரு தளம் வெட்டினர். இவ்வாறு நான்கைந்து தளங்கள் ஆழ்ந்தனவும் உண்டு. சுரங்கச் சுவரில் அடுக்கடுக்காக உடல் நீளத்திற்கு மாடம் வெட்டி, துணியிற் சுற்றிய உடலைக் கிடத்தி, ஓட்டுப் பலகையாலோ பளிங்காலோ மூடிச் சாந்து பூசினர். இவையே காட்டகோம்ப் என வழங்கும் சுரங்கக் கல்லறைகள். ‘பள்ளங்களின் அருகே’ எனப் பொருள்படும் ஓர் இடப்பெயர், ஆப்பிய நெடுஞ்சாலையில் தூய செபஸ்தியான் ஆலயம் உள்ள இடத்திற்கு வழங்கியது. பின்னர் அதுவே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. உரோமையைச் சுற்றி இத்தகையவை நாற்பதுக்கும் மேல் உள்ளன. யூதர்களுக்கும் தனியே சுரங்கக் கல்லறைகள் இருந்தன என்பதை மறத்தலாகாது.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமை ஆயராக விளங்கிய செஃபிரீனுஸ், திருச்சபையின் துயிலிடத்தைக் காக்கும் பொறுப்பைக் கலிஸ்துஸ் என்பாரிடம் ஒப்படைத்தார். கலிஸ்துஸ் முன்னாள் அடிமை. சுரங்கத்தில் வன்தண்டனைக்கும் ஆளானவர். அவரே பின்னர்க் கி.பி. 217இல் உரோமை ஆயரானார். ஒரு குடும்பத்தின் தனியுடைமையாகவன்றி, ஒரு சமயக் குழுவினர் அனைவர்க்கும் பொதுவாக ஓர் இடுகாடு பேணப்பட்டமைக்கு இது மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று.

சுரங்கம் வெட்டிய தொழிலாளரைப் பற்றியும் ஒரு சொல். இலத்தீனில் இவர்களுக்கு ‘ஃபொஸ்ஸோர்’ என்று பெயர். இருளில், சிறு விளக்கொளியில், குந்தாலியால் பாறையைப் பிளந்து, மண்ணைக் கூடையிற் சுமந்து வெளிக்கொணர்ந்தவர்கள் இவர்கள். நம் நாட்டில் வெட்டியான் தொழிலினரைச் சமுதாயம் எந்த நிலையில் வைத்தது என்பதை நாம் அறிவோம். கி.பி. 303இல் வட ஆப்பிரிக்காவின் கீர்த்தா நகரில் அரசு அலுவலர் ஆலயச் சொத்துகளைப் பறிமுதல் செய்தபொழுது எழுதிய பதிவில், திருச்சபைப் பணியாளரோடு சேர்த்து இக்குழிவெட்டுவோரும் குறிக்கப்பட்டுள்ளனர். கையில் குந்தாலியும் விளக்குமாக நிற்கும் குழிவெட்டுவோர் உருவங்கள் சுரங்கச் சுவர்களில் தீட்டப்பட்டன. அவ்வோவியங்களுள் ஒன்று தியோகெனஸ் என்னும் குழிவெட்டுவோரின் கல்லறைக்கே அணியாக விளங்கியது. பிறர்க்கெல்லாம் துயிலிடம் வெட்டியவருக்கும் பெயரோடும் உருவத்தோடும் ஒரு துயிலிடம் கிட்டியது.

துன்புறுத்தப்பட்ட கிறித்தவர் சுரங்கங்களுக்குள் ஒளிந்து வாழ்ந்தனர் எனக் கதைகளிலும் திரைப்படங்களிலும் கண்டிருப்போம். மாணவர் இதனை வரலாறு எனக் கொள்ளுதல் கூடாது. ஆயிரக்கணக்கான உடல்கள் அழுகும் சுரங்கத்தில் மாந்தர் குடியிருத்தல் இயலாது. மேலும், அவை இருக்குமிடம் அரசு அறியாததுமன்று. கி.பி. 257இல் வலேரியன் பேரரசன் கிறித்தவர் தம் துயிலிடங்களுக்குட் செல்லக்கூடாதென வெளிப்படையாகவே தடை விதித்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், அத்தடையை மீறிய உரோமை ஆயர் இரண்டாம் சிக்ஸ்துஸ், துயிலிடத்திலேயே தம் திருத்தொண்டர் சிலரோடு கொல்லப்பட்டார். வலேரியன் மகன் கலியேனுஸ் ஆட்சியில் துயிலிடங்கள் திருப்பியளிக்கப்பட்டன. ஒளிவிடமாயின் தடையாணைக்கும் திருப்பியளித்தலுக்கும் பொருளேது?

கல்லறைகளின்மேல் எழுதியவை பெரும்பாலும் மிகச் சுருக்கமானவை. பெயர், அகவை, அமைதியில் உறைக என்னும் வாழ்த்து. சிலவற்றில் மீன், நங்கூரம், புறா ஆகிய குறியீடுகள். அடக்கம் செய்யப்பட்டார் என்பதற்கு அவர்கள் ஆண்ட சொல் ‘தெப்போசித்துஸ்’. உரோமைச் சட்டத்தில் அது அடைக்கலப் பொருளைக் குறிக்கும் சொல். ஒருவரிடம் காக்கக் கொடுத்து, பின்னர்த் திரும்பப் பெறும் பொருள் அது. மண்ணுக்கு உடலைக் கொடையாக அளிக்கவில்லை, அடைக்கலமாக வைத்தனர். மூன்றெழுத்துக் கூட எழுத இயலாத ஏழையர், பூசிய ஈரச் சாந்தில் ஒரு காசையோ, கண்ணாடித் துண்டையோ, சிறு விளக்கையோ பதித்துச் சென்றனர். அடுத்தமுறை வருங்கால் தம் குழந்தையின் மாடம் எதுவென அறிதற்கு அதுவே அடையாளம். இவற்றை எழுத்தில்லாக் கல்வெட்டுகள் என்றே யான் கருதுவேன்.

ஏழையின் உடல் என்னும் இப்பொருளில்தான் தொல்கிறித்தவரின் அடக்க முறை சமுதாய ஆற்றலாக மாறிற்று. உரோமையில் எளியோர் பலர் ஈமச் சங்கங்களிற் சேர்ந்து மாதந்தோறும் சந்தா செலுத்தி வந்தனர். சந்தா தவறினால் உரிமை போயிற்று. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் ஏறத்தாழ கி.பி. 197இல் எழுதிய நூலில், கிறித்தவரின் பொதுப்பணம் அவரவர் விருப்பப்படி அளிக்கப்படுவது என்றும், அது ஏழைகளுக்கு உணவிடவும் அவர்களை அடக்கம் செய்யவும் பயன்படுகிறது என்றும் கூறுகிறார். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெக்சாந்திரியாவிற் கொள்ளைநோய் பரவியபொழுது, கிறித்தவர் இறந்தோரைத் தம் கைகளாலேயே தாங்கி, கண்ணிமையை மூடி, கழுவித் துணி சுற்றி அடக்கம் செய்தனர் என்றும், அவருள் பலர் தாமும் நோயுற்று மாண்டனர் என்றும் அந்நகர ஆயர் தியோனீசியு எழுதியுள்ளார். அவர் தம் மக்களைப் புகழ்ந்தார் என ஐயுறுவோர், எதிரியின் சான்றைக் கேட்கலாம். கிறித்தவத்தைத் துறந்து பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற ஜூலியன் பேரரசர், ஏறத்தாழ கி.பி. 362இல் தம் குருமாருள் ஒருவருக்கு எழுதிய மடலில், இச்சமயம் வளர்ந்ததற்கு அயலாரிடம் காட்டும் அன்பும் இறந்தோரின் கல்லறை குறித்த அக்கறையுமே காரணங்கள் எனக் குறைபட்டுக்கொள்கிறார்.

எனினும், உடலைப் புதைத்தால்தான் உயிர்த்தெழ முடியுமா? இவ்வினாவைக் கிறித்தவரின் பகைவரே முதலில் கூர்மையாக எழுப்பினர். கி.பி. 177இல் கால் நாட்டு லியோன் நகரில் மறைசாட்சிகளைக் கொன்றோர், அவர்தம் உடல்களை ஆறு நாள் வெளியிற் கிடத்தி, பின் எரித்து, சாம்பலை ரோன் ஆற்றிற் கரைத்தனர். உடலின் சுவடே இல்லாமற் செய்தால் உயிர்த்தெழும் நம்பிக்கையும் அழியும் என்பது அவர்கள் எண்ணம். மினூசியுஸ் ஃபெலிக்ஸ் என்னும் கிறித்தவ எழுத்தாளர் இதற்குத் தெளிவாகவே விடையிறுத்தார். எம்முறையில் அடக்கினும் இழப்பில்லை. பழையதும் சிறந்ததுமான வழக்கமாதலின் புதைக்கிறோம் என்பது அவர் கருத்து. ஆயின் அறிஞர் விடை ஒன்று; மக்கள் மனம் வேறொன்று. தம் மகனது உடல் எங்கே கிடக்கிறது என்பதைப் பொருட்படுத்தாத தாய் எந்தச் சமயத்திலும் இல்லை.

மக்கள் மனம் மறைசாட்சிகளின் கல்லறைகளை நாடிச் சென்றது. ஏறத்தாழ கி.பி. 155இல் ஸ்மிர்னா நகரில் எரியுண்ட ஆயர் பொலிக்கார்ப்பின் எலும்புகளை அந்நகரத்தார் பொன்னினும் மணியினும் மேலாகப் போற்றித் திரட்டி வைத்தனர். அவர் இறந்த நாளை விண்ணிற் பிறந்த நாளாக ஆண்டுதோறும் கொண்டாடினர். கல்லறையருகே அமர்ந்து உணவருந்தும் பழைய உரோமை வழக்கத்தையும் கிறித்தவர் விட்டாரல்லர். செபஸ்தியான் சுரங்கத்தருகே சுவரில் மக்கள் கீறிவைத்த எழுத்துகள், பேதுருவையும் பவுலையும் நினைந்து அங்கு விருந்துண்டமையைக் கூறுகின்றன.

நான்காம் நூற்றாண்டில் அரசின் ஆதரவு கிட்டியபின் நிலைமை மாறிற்று. மறைசாட்சியின் அருகே துயின்றால் இறுதி நாளில் அவர் பரிந்துரைப்பார் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. சுரங்கங்களில் அத்தகைய கல்லறைகளை ஒட்டிய சுவர்களைப் பார்த்தால், பழைய ஓவியங்களையும் துளைத்துப் புதிய மாடங்கள் வெட்டப்பட்டிருத்தல் தெரியும். குழிவெட்டுவோரிடமிருந்து விலைக்கு வாங்கிய இடம் எனப் பொறித்த கல்வெட்டுகள் தோன்றலாயின. தொடக்கத்திலும் செல்வர்க்குத் தனியறைகள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் பொதுப்பணத்தில் ஏழையை அடக்கிய துயிலிடத்தில், தூயவர்க்கு அணித்தே ஒரு விலையும் சேய்மையில் ஒரு விலையுமாக வாணிகம் நுழைந்ததை வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது. கி.பி. 386இல் தியோதோசியுஸ் பேரரசர், அடக்கிய உடலை வேறிடத்திற்கு மாற்றலாகாது, மறைசாட்சியின் உடலை விற்கலாகாது எனச் சட்டமியற்றினார். சட்டம் விலக்குகிறது எனின், செயல் நடந்தது என்பது பொருள். அதே ஆண்டு மிலான் ஆயர் அம்புரோஸ், கெர்வாசியு, புரோத்தாசியு என்னும் இருவர்தம் எச்சங்களைக் கண்டெடுத்துத் தம் பேராலயத்துட் கொணர்ந்தார். இறந்தோர் நகருக்கு வெளியே, இருப்போர் உள்ளே என்னும் பன்னிரு பலகைச் சட்டத்தின் எல்லைக்கோடு மெல்ல மெல்ல அழிந்தது.

உரோமை ஆயர் தமாசுஸ் (கி.பி. 366–384) மறைசாட்சிகளின் கல்லறைகளைத் தேடிச் செப்பனிட்டு, அவற்றுக்குச் செய்யுள்களை இயற்றிப் பளிங்கிற் பொறிப்பித்தார். தாமும் அவர்களருகே அடங்க விரும்பியதாகவும், தூயோரின் சாம்பலைக் கலைத்தற்கு அஞ்சி விலகியதாகவும் அவரே ஒரு செய்யுளிற் குறித்துள்ளார். அவ்வச்சம் அக்காலத்திற் பலர்க்கு இல்லை.

நோலா நகரில் ஃபெலிக்ஸ் என்னும் தூயவரின் கல்லறை இருந்தது. ஃபுளோரா என்னும் கைம்பெண், இறந்த தன் மகனை அத்தூயவரின் பேராலயத்தில் அடக்கும்படி வேண்டினார். அந்நகர ஆயர் பவுலினுஸ் அவ்வாறே செய்து, பின்னர் இதனால் இறந்தவனுக்குப் பயனுண்டா என வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினாரிடம் வினவினார். ஏறத்தாழ கி.பி. 421இல் அகுஸ்தினார் எழுதிய விடை தனி நூலாகவே உள்ளது. அடக்கமும் ஊர்வலமும் கல்லறைச் சிறப்பும் இருப்போர்க்கு ஆறுதலேயன்றி இறந்தோர்க்கு உதவியல்ல என்றார். அடக்கம் பெறாத உடலுக்கும் இறைவன் முன் குறைவில்லை என்றார். அங்ஙனமாயின் உடலை எறிந்துவிடலாமோ? ஆகாது. தந்தையின் மோதிரமும் ஆடையும் மக்களுக்கு அருமையாயின், அவற்றினும் நெருங்கிய உடலை எவ்வாறு இகழ்வது என்பது அவர் கேள்வி. தூயவரின் கல்லறைக்கு அருகே என்னும் இடத்தாற் பயனில்லை. அவ்விடத்தை நினைக்குந்தோறும் தாயின் உள்ளம் மன்றாடுமாயின், அம்மன்றாட்டாற் பயனுண்டு என முடித்தார். ஒரு தாயின் மனத்தை நோகச் செய்யாமலும், கல்லறை வாணிகத்திற்கு இடங்கொடாமலும் கூறிய விடை இது. இறந்தோர் இருப்போரை வந்து காண இயலுமாயின், நிலமும் கடலும் கடந்து தம்மைத் தொடர்ந்து வந்த தம் அன்னை ஓரிரவும் வாராதிருக்கமாட்டார் என்று அந்நூலின் இடையே கூறுகிறார். எழுதுங்கால் அவருக்கு அறுபது அகவைக்கு மேல். அன்னை இறந்து முப்பதாண்டுக்கு மேல்.

அவ்வன்னை மோனிக்கா கல்லறை மரபில் ஊறியவர். ஆப்பிரிக்க வழக்கப்படி மிலான் நகரிலும் கஞ்சியும் அப்பமும் திராட்சை மதுவும் கூடையில் ஏந்தி மறைசாட்சிகளின் கல்லறைக்குச் சென்றார். ஆயர் அம்புரோஸ் அதனைத் தடைசெய்துள்ளதாக வாயிற்காவலன் கூறக்கேட்டு, எதிர்மொழி கூறாது திரும்பினார். தம் ஊரில், கணவரின் அருகே தமக்கும் ஓர் இடத்தை முன்னரே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஆயின் கி.பி. 387இல் தாயகம் திரும்பும் வழியில் ஒஸ்தியாத் துறைமுகத்தில் நோயுற்றபொழுது, இவ்வுடலை எங்கேனும் இடுங்கள், இறைவனின் பீடத்தருகே என்னை நினையுங்கள், அதுவே போதும் என மக்களிடம் கூறினார். இவ்வளவு தொலைவில் உடலை விட்டுச்செல்ல அச்சமில்லையா என்று நண்பர் வினவ, இறைவனுக்குத் தொலைவு எதுவுமில்லை, உலக முடிவில் என்னை எங்கிருந்து எழுப்புவதென அவர் அறியாமற் போகார் என்றார்.

ஒஸ்தியாவிலேயே அவரை அடக்கினர். பின்னாளில் பாஸ்ஸுஸ் என்னும் உயர்குடியினர் அக்கல்லறைக்குச் செய்யுளொன்று பொறிப்பித்தார். 1430இல் மோனிக்காவின் எச்சங்கள் எனக் கருதப்பட்டவை உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. செய்யுள் ஏட்டுச்சுவடிகளில் மட்டும் எஞ்சியிருந்தது. 1945இல் ஒஸ்தியாவில் தூய அவுரேயா ஆலயத்தருகே சிறுவர் இருவர் விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டியபொழுது, உடைந்த பளிங்குத் துண்டு ஒன்று கிடைத்தது. பாஸ்ஸுஸ் பொறிப்பித்த செய்யுளின் ஒரு பகுதி அதில் இருந்தது. அத்துண்டு அவ்வாலயத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.